கிளச் பெடல் கீழே போனால்...



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வருகிறேன், மத்ரஸா வாசலில் ஏறாவூரைச் சேர்ந்த ஒரு ராத்தா தன் மகனோடு காத்து நிற்கிறார். மகன் முன்பு என்னிடம் ஓதியவன். "மௌலவி, ஒரு மஸ்அலா கேட்க வந்தோம்" என்றார். வாரிசுப் பங்கு விடயமாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

கணவர் வபாத்தாகி இரண்டு வருடம். அவர் விட்டுச் சென்றது ஒரு பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் ஏ60 கார். ஸ்ரீ எழுத்து இலக்கத் தகடு போட்ட வண்டி. மகன் அதைத் துடைத்து மினுக்கிக் கல்யாண ஹயருக்கு விடுகிறான். வீட்டு அடுப்பு எரிவது அதில்தான். இப்போது கியர் விழவில்லை. போட்டால் 'கரகர' என்று சத்தம். ஒரு கராஜில் காட்டியிருக்கிறார்கள். "கியர்பெட்டியை இறக்க வேண்டும், கிளச் பிளேட், பிரஷர் பிளேட், பெயரிங் எல்லாம் மாற்ற வேண்டும்" என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். ராத்தாவின் கையில் இருப்பது ஒரு சோடிக் காப்பு.

"காப்பை ஈடு வைத்தால் வட்டி வருகிறது, மௌலவி. வண்டியை வித்தால் புள்ளைக்குத் தொழில் இல்லை. என்ன செய்ய?" என்று கேட்டார்.

நான் உடனே பத்வா சொல்லவில்லை. மகனைப் பார்த்து, "கீழ் பம்பின் ரப்பர் உறையைத் தூக்கிப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். இருவரும் என்னை வியப்போடு பார்த்தார்கள். கிதாபு தூக்கும் கை கிளச் பம்பை எப்படி அறியும் என்று நீங்களும் நினைக்கக்கூடும். என் வாப்பா ஹயர் கார் ஓடியவர். அரபுக் கல்லூரி விடுமுறைகளில் எல்லாம் அவருடைய ஒஸ்டினின் கீழே படுத்துக் கிடந்தவன் நான். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த மாதம் இந்தப் பக்கத்தை இதற்காக ஒதுக்குவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் கொட்டிலில் கிடந்த பழைய வண்டிகள் எல்லாம் மறுபடி தெருவுக்கு வந்தன. பல வீடுகளில் கணவர் கட்டாரிலும் சவூதியிலும் இருக்க, வண்டியின் பொறுப்பு மனைவியின் தலையில் இருக்கிறது. கராஜில் நின்று பேச வேண்டியவரும் அவரே. நீங்கள் ஸ்பேனர் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எது கோளாறு என்று விளங்கியிருந்தால், காசு போகும் வழி உங்களுக்குத் தெரியும்.

கிளச் என்ன செய்கிறது?

என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சுற்றைச் சக்கரத்துக்குக் கொடுப்பதும், தேவைப்படும்போது பிரித்து எடுப்பதும் கிளச்சின் வேலை. பெடலை மிதித்தால் இரண்டும் பிரிகின்றன. அப்போது கியர் மாற்றலாம். பெடலை விட்டால் இரண்டும் சேர்கின்றன.

காலின் மிதி கிளச் வரை எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில்தான் வண்டிக்கு வண்டி வேறுபாடு. நம் நாட்டில் எல்லோரும் அறிந்த மொரிஸ் மைனரில் இரும்புக் கம்பிகளும் நெம்புகளும் அந்த வேலையைச் செய்கின்றன. பழைய வொக்ஸ்வாகன் பீட்டிலில் ஒரு கேபிள். ஒஸ்டின் ஏ60, மினி, போர்ட் அங்லியா 105இ போன்றவற்றில் ஒரு திரவம் அதைச் செய்கிறது. ஆகவே முதற் கேள்வி, உங்கள் வண்டி எந்த வகை என்பதே. மொரிஸ் மைனர் வைத்திருப்பவரிடம் "கிளச் பம்பு மாற்ற வேண்டும்" என்று யாராவது சொன்னால், இல்லாத ஒன்றுக்கு அவர் விலை சொல்கிறார் என்று அறிந்துகொள்ளுங்கள்.

ஒஸ்டின் ஏ60 இங்கிலாந்தில் 1961 முதல் 1969 வரை செய்யப்பட்ட கார். என்ஜின் 1622 சி.சி. உடலின் வடிவத்தை வரைந்தது இத்தாலியின் பினின்பரினா நிறுவனம். இதில் கிளச்சுக்கு இரண்டு பம்புகள் உண்டு. பெடலுக்கு நேரே, என்ஜின் அறையின் பின்சுவரில் இருப்பது மேல் பம்பு. மாஸ்டர் சிலிண்டர் என்பார்கள். கியர்பெட்டியின் முன்பக்கக் கூட்டோடு சேர்ந்து கீழே இருப்பது கீழ் பம்பு. ஸ்லேவ் சிலிண்டர் என்பார்கள். இரண்டையும் ஒரு குழாயும் ஒரு ரப்பர் ஹோசும் இணைக்கின்றன. உள்ளே முழுவதும் பிரேக் ஒயில்.

மேல் பம்பின் பிஸ்டனைக் கால் தள்ளுகிறது, திரவம் நகர்கிறது, கீழ் பம்பின் பிஸ்டன் ஒரு கம்பியைத் தள்ளுகிறது, அந்தக் கம்பி கிளச்சைப் பிரிக்கிறது. இவ்வளவுதான் முழு விடயமும்.

இதை உங்கள் குசினியிலேயே சோதித்துப் பார்க்கலாம். மெல்லிய பிளாஸ்டிக் போத்தல் ஒன்றில் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, கையால் அழுத்துங்கள். அமுங்காது. பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டு மூடி அழுத்துங்கள். உடனே அமுங்கும். தண்ணீர் சுருங்காது, காற்று சுருங்கும். கிளச் குழாய்க்குள் கொஞ்சம் காற்று புகுந்தாலும் காலின் மிதி அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். கீழே கம்பி நகராது.

மூடிய திரவத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும் என்ற விதியை 17ஆம் நூற்றாண்டில் எடுத்துக் கூறியவர் பிரான்ஸைச் சேர்ந்த பஸ்கால். சிலிண்டரும் பிஸ்டனும் அதற்கு முன்பே மனிதனுக்குத் தெரியும். தியார்பக்ரில் வாழ்ந்த அல்-ஜஸரி, 1206இல் முடித்த தம் நூலில், இரண்டு சிலிண்டர்களைக் கொண்டு தண்ணீர் ஏற்றும் பம்பு ஒன்றை வரைந்து விளக்கியிருக்கிறார். இந்த வண்டியின் கீழே இருப்பதும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

இரண்டு வகை நோய்

கிளச் கோளாறு என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்கிறார்கள். அது இரண்டு வகை. இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒன்று, பிரியாமை. பெடலை முழுதாக மிதித்தும் கியர் கரகரக்கிறது. ரிவர்ஸ் விழ மறுக்கிறது. பெடலை மிதித்திருக்கும்போதே வண்டி மெல்ல முன்னே ஊர்கிறது.

மற்றது, வழுக்குதல். பெடலை விட்ட பிறகும் என்ஜின் இரைகிறது, வண்டி இழுக்கவில்லை. பாலம் ஏறும்போது தெரியும். சில வேளை கருகிய வாடையும் வரும்.

வழுக்குதல் பெரும்பாலும் பிளேட் தேய்ந்ததால் அல்லது பிளேட்டில் ஒயில் பட்டதால் வருவது. அதற்குக் கியர்பெட்டியை இறக்கத்தான் வேண்டும். பிரியாமை பெரும்பாலும் பம்பு, குழாய், காற்று, ஊசி ஆகியவற்றால் வருவது. அவற்றுக்குக் கியர்பெட்டியைத் தொடவே தேவையில்லை. ராத்தாவின் வண்டிக்கு இருந்தது முதல் வகை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஏ60 போன்ற பழைய கார்களில் முதல் கியருக்குச் சிங்ரோமெஷ் என்ற உதவி அமைப்பு கிடையாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது முதல் கியரைப் போட்டால் கரகரக்கத்தான் செய்யும். அது நோயல்ல, வண்டியின் சுபாவம். சோதிப்பதென்றால் வண்டியை நிறுத்தி, என்ஜினை மெதுவாக ஓடவிட்டு, பெடலை மிதித்துச் சில வினாடி பொறுத்து ரிவர்ஸ் போட்டுப் பாருங்கள். அப்போதும் கரகரத்தால் கிளச் பிரியவில்லை என்று அர்த்தம்.

ஒழுங்காகப் பார்க்கும் முறை

மறுநாள் மகன் வண்டியை மெல்ல மெல்ல ஓட்டிக் கொண்டுவந்தான். ராத்தாவும் வந்தார். சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்தோம். ஜாக்கை மட்டும் நம்பி எவரும் வண்டியின் கீழே போகக்கூடாது; உங்கள் வீட்டு ஆண்களுக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

முதலாவது, மேல் பம்பின் தாங்கியைத் திறந்து அளவு பார்த்தோம். பாதிக்கும் கீழே. பெற்றோல் எரிந்து குறைவதுபோல் இந்தத் திரவம் செலவாவதில்லை. கிளச் பிளேட் தேய்ந்தாலும் இது குறையாது. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. வேறு விளக்கம் இல்லை. "அடிக்கடி கொஞ்சம் ஊத்துவோம், மௌலவி" என்றான் மகன். அந்த 'அடிக்கடி கொஞ்சம்' என்பதுதான் நோயின் முதல் அறிகுறி.

இரண்டாவது, ஓட்டுநர் கால் வைக்கும் இடம். பெடலின் மேல்பகுதியிலும் காப்பெட்டிலும் ஈரம் இருக்கிறதா, அங்கே பெயின்ற் உரிந்திருக்கிறதா என்று பார்த்தோம். பிரேக் ஒயில் பட்ட இடத்தில் பெயின்ற் கொப்பளித்து உரியும். அப்படி இருந்தால் மேல் பம்பின் பின்பக்க ரப்பர் போய்விட்டது. ராத்தாவின் வண்டியில் அங்கே காய்ந்துதான் இருந்தது.

மூன்றாவது, கீழே தரையில் சொட்டு. பழைய வண்டியின் கீழ் சொட்டு இல்லாமல் இராது. அது என்ஜின் ஒயிலா, பிரேக் ஒயிலா என்று எப்படி அறிவது? இரவில் வண்டியின் கீழே ஒரு காட்போட் மட்டையை வையுங்கள். காலையில் அதில் விழுந்ததை ஒரு பழைய போத்தல் மூடித் தண்ணீரில் கலக்குங்கள். என்ஜின் ஒயில் மிதக்கும். பிரேக் ஒயில் தண்ணீரோடு கரைந்துவிடும். பெயர்தான் ஒயில், உண்மையில் அது கிளைக்கோல் வகைத் திரவம். நஞ்சும்கூட. குசினிப் பாத்திரத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். குழந்தைகளின் கைக்கெட்டும் இடத்தில் அந்தப் போத்தலை வைக்காதீர்கள். கையில் பட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

நான்காவது, காலின் உணர்வு. இதற்கு ராத்தாவையே ஓட்டுநர் இருக்கையில் உட்காரச் சொன்னேன். முதலில் தயங்கினார். "சட்டி கனத்தைக் கையால் அறிகிறீர்கள், இதைக் காலால் அறிய மாட்டீர்களா?" என்றேன். பெடல் சொல்லும் சேதி இப்படி:

மிதித்ததும் தடையில்லாமல் தரைக்குப் போகிறது, நாலைந்து தரம் வேகமாக மிதித்தால் கொஞ்சம் மேலே நிற்கிறது என்றால் உள்ளே காற்று, அல்லது ஒழுக்கு.

மிதித்ததும் உறுதியாக நிற்கிறது, ஆனால் மிதித்தபடியே இருக்க மெல்ல மெல்ல இறங்குகிறது. வெளியே ஒழுக்கும் இல்லை, தாங்கியில் குறைவும் இல்லை. இது மேல் பம்பின் உள் ரப்பர். திரவம் வெளியே போகாமல் பிஸ்டனைத் தாண்டி உள்ளேயே பின்னால் வழிகிறது. சந்தியில் கியர் போட்டபடி காத்திருக்கும்போது வண்டி தானாக ஊர ஆரம்பிக்கும். கண்ணுக்குத் தெரியாத கோளாறு என்பதால் பலர் இதைத் தவறவிட்டுக் கியர்பெட்டியைப் பழிக்கிறார்கள்.

பெடல் கல்லுப்போல் இறுகியிருக்கிறது என்றால் பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருக்கலாம், அல்லது ஹோஸ் உட்புறம் அடைத்திருக்கலாம்.

மிதித்த பெடல் மெதுவாகத் திரும்புகிறது, வண்டி வழுக்கவும் செய்கிறது என்றால் திரவம் திரும்பி வரும் வழி அடைபட்டிருக்கிறது. ரப்பர் வீங்கியிருக்கலாம். மேல் பம்பின் சிறு துவாரம் அழுக்கால் மூடியிருக்கலாம். பம்பினால் வழுக்குதல் வருவது இந்த ஒரு வழியில்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ராத்தா மிதித்துப் பார்த்து, "முதல்ல போகுது, திரும்ப மிதிச்சா கொஞ்சம் நிக்குது" என்றார். முதலாவது வகை.

ஐந்தாவதுதான் எல்லாவற்றையும் முடிவுசெய்யும் சோதனை. மகன் கீழே படுத்து, கீழ் பம்பிலிருந்து வெளியே வரும் கம்பியின் பக்கத்தில் பள்ளிக்கூட அடிமட்டத்தைப் பிடித்தான். ராத்தா பெடலை அடிவரை மிதித்தார். கம்பி எவ்வளவு நகர்கிறது? இந்த வகைக் கார்களில் ஏறத்தாழ அரை அங்குலம், அதாவது நாலு நூல் நகர வேண்டும். சரியான அளவு அந்தந்த வண்டியின் கைநூலில் இருக்கும். இங்கே நகர்ந்தது இரண்டு நூல்தான்.

சகோதரிகளே, இந்த அளவை மனதில் வையுங்கள். கம்பி முழுதாக நகர்ந்தும் கியர் கரகரத்தால் பம்புகள் சுகமாக இருக்கின்றன. நோய் உள்ளே இருக்கிறது. அப்போது கியர்பெட்டியை இறக்குவது நியாயம். கம்பி குறைவாக நகர்ந்தால் நோய் வெளியே, பெடலுக்கும் அந்தக் கம்பிக்கும் இடையில். அப்போது கியர்பெட்டியை இறக்குவது, பல்வலிக்கு வயிற்றைக் கிழிப்பது போன்றது.

பிறகு மகன் கீழ் பம்பின் ரப்பர் உறையைப் பின்னால் இழுத்தான். உள்ளே தேங்கியிருந்த திரவம் அவன் கையில் வழிந்தது. உறை ஒரு கிண்ணம்போல் ஒழுக்கை எல்லாம் மறைத்து வைத்திருந்தது. வெளியே பார்த்தவருக்கு அது தெரிய நியாயமில்லை.

உறை திறந்த பிறகு

கீழ் பம்பைக் கழற்றினோம். கப் ரப்பரின் விளிம்பு தேய்ந்து போயிருந்தது. உட்சுவர் வழுவழுப்பாக இருந்தது, அல்ஹம்துலில்லாஹ். சுவரில் துருக்குழி விழுந்திருந்தால் புது ரப்பர் போட்டும் பயனில்லை. அந்தக் குழி அதைச் சில வாரங்களில் அறுத்துவிடும். அப்போது பம்பையே மாற்ற வேண்டும், அல்லது லேத்தில் கடைந்து உள்ளே புதிய குழல் இறக்க வேண்டும்.

துருக்குழி ஏன் விழுகிறது? பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். நமது ஊர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். காத்தான்குடிக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. உப்புக்காற்றும் ஈரமும் இல்லாத நாள் எது? குடித்த ஈரம் சிலிண்டரின் அடியில் தங்கி இரும்பை அரிக்கிறது. அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பழையதை முழுதாக வெளியேற்றிப் புதியது ஊற்றுவது நல்லது. திறந்து வைத்த பழைய போத்தலில் மிஞ்சியதை ஊற்றாதீர்கள். அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.

பழைய ரப்பரையும், பம்பின் மேல் பொறித்திருந்த அளவையும் எடுத்துக்கொண்டு மகன் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போய், மேல் பம்புக்கும் கீழ் பம்புக்கும் சேர்த்தே ரப்பர் கிட் வாங்கி வந்தான். ஒன்று மட்டும் மாற்றினால், புதிதாக ஏறும் அழுத்தத்தில் மற்றப் பழையது சீக்கிரம் ஒழுகத் தொடங்கும்.

பூட்டிய பிறகு காற்று எடுக்க வேண்டும். இதற்கு இருவர் வேண்டும். கீழ் பம்பில் உள்ள சிறு நிப்பிளில் ஒரு தெளிந்த குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையைச் சிறிது பிரேக் ஒயில் உள்ள கண்ணாடிப் போத்தலில் அமிழ்த்தி வைப்பார்கள். கீழே இருப்பவர் நிப்பிளைத் தளர்த்தி "மிதி" என்பார். மேலே இருப்பவர் மெதுவாக மிதித்து, அடியில் பிடித்திருப்பார். குமிழி வரும். கீழே நிப்பிளை இறுக்கி "விடு" என்ற பிறகே காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் காற்று மறுபடி உள்ளே ஏறிவிடும். குமிழி நிற்கும் வரை இப்படியே. இடையிடையே மேலே தாங்கி வற்றாமல் ஊற்ற வேண்டும். வெளியே வந்த திரவத்தைத் திரும்ப ஊற்றக்கூடாது. என் சிறு வயதில் வாப்பா கீழே, உம்மா மேலே. "மிதி... பிடி... விடு" என்ற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ராத்தாவும் அன்று அதைத்தான் செய்தார்.

முடிந்ததென்று நினைத்து அளந்தோம். மூன்று நூல். ரிவர்ஸ் இன்னும் சிறிது முனகியது. எனக்கே முகம் வாடியது. பிறகுதான் பெடலுக்கும் மேல் பம்பின் கம்பிக்கும் இடையிலுள்ள ஊசியை ஆட்டிப் பார்த்தோம். ஐம்பது வருடத்துக்கு மேலாக மிதிபட்டு ஊசி மெலிந்து, ஓட்டை நீள்வட்டமாகி இருந்தது. கால் நகர்ந்தும் பம்பு நகராத வீண் தூரம் அது. மேல் பம்பில் இழக்கும் சிறு தூரமும் கீழே கம்பியின் நகர்வைக் குறைத்துவிடும். ஓட்டையை நிரப்பிக் கடைந்து புது ஊசி போட்டதும் நாலு நூல் வந்தது. ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது.

எல்லாச் செலவும் ஒரு கல்யாண ஹயரின் வருமானத்துக்குள் முடிந்தது. காப்பு கையிலேயே இருக்கிறது. வட்டி மஸ்அலாவுக்கு நான் பதில் சொல்லத் தேவை ஏற்படவில்லை.

நான் செய்த பிழை

இதை எல்லாம் பெரிய நிபுணன்போல் எழுதுகிறேன் என்று எண்ணவேண்டாம். அரபுக் கல்லூரியில் ஓதும் காலத்தில், ஒரு விடுமுறையில் வாப்பாவின் ஒஸ்டினில் கிளச் தாங்கி குறைந்திருக்கக் கண்டு, உதவி செய்கிறேன் என்று நினைத்து என்ஜின் ஒயிலை ஊற்றிவிட்டேன். வாப்பாவுக்குச் சொல்லவும் இல்லை.

அப்போது கல்லடியில் 1924இல் திறந்த லேடி மனிங் பாலம் மட்டும்தான். புதிய பாலம் 2013இல்தான் வந்தது. பழையது மிகக் குறுகலானது. எதிரே வாகனம் வந்தால் இந்தப் பக்கம் காத்து நிற்க வேண்டும். சில நாள் கழித்து அங்கே காத்து நின்ற வாப்பாவின் பெடல் கீழே போனது, மேலே வரவில்லை. பின்னால் வாகன வரிசை, வண்டிக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகும் ஒரு கர்ப்பிணி. நாலு பேர் தள்ளி ஓரம் கட்டி, அந்தப் பெண்ணை வேறு வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அல்லாஹ் காப்பாற்றினான்.

பம்பைக் கழற்றினால் ரப்பர்கள் எல்லாம் ஊறிய கடலைபோல் வீங்கிக் கிடந்தன. என்ஜின் ஒயில், பெற்றோல், மண்ணெண்ணெய் எதுவும் இந்த ரப்பருக்கு ஆகாது. பம்பு, குழாய், ஹோஸ் எல்லாம் கழுவி, ரப்பர்கள் அனைத்தையும் மாற்ற வேண்டியதாயிற்று. பல நாள் ஹயர் போனது. உண்மையைச் சொன்னபோது வாப்பா ஏசவில்லை. "ஒயில் எண்டு பேர் இருக்கிறதெல்லாம் ஒண்டில்லை மகன்" என்றார். அவ்வளவுதான்.

ஆகவே தாங்கியில் ஊற்றுவது டொட் 3 அல்லது டொட் 4 என்று எழுதிய பிரேக் ஒயிலாக மட்டும் இருக்கட்டும். டொட் 5 என்பது சிலிக்கன் வகை; அதை இவற்றோடு கலக்கக்கூடாது.

கராஜில் கேட்க வேண்டியவை

கிளச் வேலைக்கு வண்டியைக் கொடுக்கும்போது இந்த நாலு கேள்வியை மரியாதையோடு கேளுங்கள்.

"கீழ் பம்பின் கம்பி எத்தனை நூல் நகருது?"

"ரண்டு பம்பின் ரப்பர் உறையும் தூக்கிப் பார்த்தீங்களா?"

"பெடல் ஊசி தேய்ஞ்சிருக்கா?"

"கழற்றின பழைய சாமானைத் தருவீங்களா?"

முதல் கேள்வியைக் கேட்டதுமே, வேலை தெரிந்தவர் உங்களை மதிப்பார். பதில் சொல்லாமல் கியர்பெட்டியை இறக்கப் போகிறவரிடம் வண்டியைக் கொடுக்க அவசரப்படாதீர்கள்.

அதே நேரம் கராஜ்காரர் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்று தப்பெண்ணம் கொள்ளவும் கூடாது. ராத்தாவுக்குப் பெரிய தொகை சொன்னவரை மகன் பிறகு சந்தித்திருக்கிறான். "உறைக்குள்ள பார்க்கல்ல தம்பி, எண்ட பிழைதான்" என்றாராம். அவர் ஏமாற்றவில்லை, பார்க்கவில்லை. இன்றைய வண்டிகளோடு பழகிய கைக்கு இந்தப் பழைய வண்டியின் சுபாவம் மறந்துபோவது இயல்பு.

கணவர் வெளிநாட்டில், வண்டி மாதக்கணக்கில் கொட்டிலில் என்றால் இன்னொரு நோய் உண்டு. ஈரக் காற்றில் கிளச் பிளேட் துருவோடு ஒட்டிக்கொள்ளும். அப்போது கம்பி முழுதாக நகர்ந்தும் கிளச் பிரியாது. கிழமைக்கு ஒரு தடவை யாராவது நம்பிக்கையானவரைக் கொண்டு என்ஜினை ஓடவிட்டு, பெடலைப் பத்துப் பன்னிரண்டு தரம் மிதித்து, வண்டியைச் சிறிது நகர்த்தி வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. இதுவே எல்லாவற்றிலும் முக்கியம். கிளச் போனால் வண்டி நிற்கும். பிரேக் போனால் வண்டி நிற்காது. இரண்டிலும் ஓடுவது ஒரே வகைத் திரவம், ஒரே வகை ரப்பர், பெரும்பாலும் ஒரே வயது. அந்தக் காலத்து வண்டிகளில் நாலு சக்கரத்துக்கும் பிரேக் குழாய் வழி ஒன்றுதான். ஓரிடத்தில் ஒழுகினால் நாலும் போய்விடும். ராத்தாவின் வண்டியில் கிளச்சை முடித்த கையோடு சக்கரங்களைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். பின்சக்கரம் ஒன்றின் சிலிண்டர் உறைக்குள்ளும் ஈரம். இன்னும் வெளியே சொட்டத் தொடங்கவில்லை. மணமக்களை ஏற்றிக்கொண்டு அந்த வண்டி கல்லடிப் பாலத்தில் போயிருந்தால்?

கிளச் ரப்பர் உளுத்துவிட்டதென்று தெரிந்த அன்றே பிரேக்கையும் திறந்து பாருங்கள். அதுபோல, கோளாறான வண்டியை விற்க நேர்ந்தால் வாங்குபவருக்குக் குறையைச் சொல்லி விற்கச் செய்யுங்கள். மறைத்து விற்பதை மார்க்கம் தடுத்திருக்கிறது. வாங்குபவரும் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டுதான் போவார்.

சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அந்த ஒஸ்டின் என்னைக் கடந்து போனது. பூ கட்டியிருந்தது. மகன் சந்தியில் நிறுத்தி, சத்தமில்லாமல் முதல் கியர் போட்டு, எனக்குக் கை காட்டிவிட்டுப் போனான்.

அடுத்த மாதம் சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.